அல்போன்ஸின் குரல் தங்கிய இடம்

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு ஆடி மாதத்தில், சவேரியார்துறை ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் செசிலிக்கு இருமல் நிற்கவில்லை என்று டாக்டர் குமாரதாஸ் அவள் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தபோது, உள்ளே ஓர் ஆண் பேசிக்கொண்டிருந்தார். கடற்கரைத் தமிழ். வயதான குரல், அவசரமில்லாத குரல். ஒரே பேச்சைச் சொல்லி முடித்து, மூச்சு விடும் நேரம் சும்மா இருந்து, மறுபடி முதலில் இருந்து சொன்னது. டாக்டர் குழலைக் கழற்றி, வரிசையில் நின்ற வேறொரு பெண்ணின் நெஞ்சில் வைத்துப் பார்த்தார். அங்கே இழுப்பு மட்டும்தான் இருந்தது. திரும்பவும் செசிலியிடம் வைத்தார். மனிதர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். இதயத் துடிப்பிலும் மூச்சிலும் குறையில்லை என்று டாக்டர் சொன்னார், இருமலுக்கு ஒரு சிரப் எழுதினார், பிறகு கதவைச் சாத்திவிட்டு, "சிஸ்டர், உள்ள யாராக்கும் பேசுகது?" என்று கேட்டார். "அல்போன்ஸ் மாமா," என்றாள் செசிலி. அழவில்லை. யாராவது கேட்கமாட்டார்களா என்று சில மாதங்களாகக் காத்திருந்தவள்போலத்தான் சொன்னாள்.

அல்போன்ஸ் அந்த ஊர்க்காரர். வள்ளம் வைத்து மீன் பிடித்தவர். இரண்டாயிரத்து நான்கு டிசம்பரில் கடல் கேறி வந்தபோது அவருடைய மனைவி பிரிஜித்தா சிலுவை நிற்கும் குருசடிக்குப் பக்கத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவளையும் அவளோடு போனவர்களையும் தேடி எடுத்தது ஊர்க்காரர்கள், அடக்கம் செய்ததும் ஊர்க்காரர்கள். சாலை அறுந்து கிடந்ததால் வெளியிலிருந்து உதவி வந்து சேர்ந்தபோது குழிகளின் மேல் மண் காய்ந்திருந்தது. அந்த நாட்களில் நாட்டின் பெரிய நாற்காலியில் இருந்தவர், எல்லோரும் பெரியவர் என்று சொல்கிறவர், ஹெலிகாப்டரில் வந்தார். இறங்க இடமில்லாததால் மேலே ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போனார். ஹெலிகாப்டர் காற்றில் கூடாரத்துத் தார்ப்பாய் ஒன்று பறந்து கடலில் விழுந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அல்போன்ஸுக்கு இரண்டு பிள்ளைகள்: மகன் ஆன்ட்ரூஸ் ஷார்ஜாவில் வெல்டர், மகள் லிஜா பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஆண்டுகளில்தான் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குத் தெற்கே கிடப்பதெல்லாம் தனி மாநிலமாக வேண்டும் என்ற பேச்சு கிளம்பியது. வடசேரியில் வாழைக்குலை மொத்த வியாபாரம் செய்த பொன்னுலிங்கம் இதற்கு ஒரு கமிட்டி அமைத்தார். அருமனைப் பக்கத்து ரப்பர்க்காரர்கள் வேண்டும் என்றார்கள், ரப்பருக்கு விலை தாங்களே சொல்லலாம் என்ற நினைப்பில். நெல் போட்டவர்கள் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று தெரிந்துகொண்டு சொல்கிறோம் என்றார்கள். கணவாயில் இருந்தவர்களுக்கு வேறு கவலை. எல்லைக்கோடு காற்றாலைகளுக்கு நடுவே போனால், இறக்கை ஒரு சுற்றில் பாதியை இந்த மாநிலத்திலும் மீதியை அந்த மாநிலத்திலும் சுற்ற வேண்டியிருக்குமே, கரண்ட் யாருக்கு? வடசேரிச் சந்தையில் காலையில் வேண்டும் என்றவர்கள் சாயங்காலம் வேண்டாம் என்றார்கள். பெரியவரைப் பற்றியும் அப்படித்தான். நல்ல மனிதர், ஆனால் ஒன்றும் செய்யவில்லை என்று பாதிப்பேர். ஒன்றும் செய்யவில்லை, அதனால்தான் நல்ல மனிதர் என்று மீதிப்பேர். பெரியவர் இந்த விஷயத்தை விசாரிக்க ஒரு குழு போட்டார். குழு விவசாயிகளையும் வியாபாரிகளையும் ஆசிரியர்களையும் கேட்டது. கடற்கரையைக் கேட்க மறந்துபோனது. பதவி முடிந்து போகிறவர் விடைபெற ஊர் ஊராக வந்தபோது, கடற்கரையின் அபிப்பிராயத்தை நானே கேட்டுக்கொள்கிறேன் என்று அறிவித்தார். அது இரண்டாயிரத்து எட்டு மாசி மாதம்.

ஊர்சார்பில் பேச அல்போன்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள். மனைவியைக் கடலுக்குக் கொடுத்தவர், குறைவாகப் பேசுகிறவர், பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. பொன்னுலிங்கம் முந்தின நாளே வந்து, "ஓய் அல்போன்ஸே, தனி மாநிலம் வேணும், அம்புட்டுத்தான். வேற ஒண்ணும் பேசப்படாது கேட்டீரா," என்று சொல்லிப் பழக்கிவிட்டுப் போனார். அல்போன்ஸ் தலையாட்டினார். பெரியவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க செசிலியை வரச் சொன்னார்கள். அவள் டெல்லியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பத்து வருஷம் நர்ஸாக இருந்து, அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்குத் திரும்பி, அம்மா இறந்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளுடைய இந்தியைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் பெருமை.

கடற்கரையில் பந்தல் போட்டிருந்தார்கள். ஊர்க்காரர்களைக் கயிற்றுக்கு அப்பால் நிறுத்தினார்கள். பந்தலுக்குள் பெரியவர், அவருடைய காவல்காரர்கள், மாவட்டத்து அதிகாரி ஒருவர், அல்போன்ஸ், செசிலி. டி.வி.க்காரர்கள் மைக்கைச் செசிலியிடம் நீட்டியிருந்தார்கள், அவர்களுக்கு வேண்டியது இந்தி. பெரியவர் அல்போன்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, நான் போகிறேன், என்னைப் பற்றி இந்த ஊர் என்ன நினைக்கிறது, நீங்கள் தனியாகப் போக விரும்புகிறீர்களா என்று கேட்டார். செசிலி அதைச் சரியாகவே சொன்னாள். அல்போன்ஸ் கடலைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார், பொன்னுலிங்கம் சொல்லிக்கொடுத்ததை விட்டுவிட்டார். "நீரு போறதுல எங்களுக்குச் சங்கடமில்ல, வந்ததே மேல ஒரு சத்தமாட்டுத்தான் கேட்டுது. தனியா ஆவணுமான்னு கேக்கீரு, கடலு கேறி வந்த அன்னைக்கே நாங்க தனியாத்தான் நின்னோம்." கோபமாகச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வதுபோலச் சொன்னார். காற்றில் அது கயிறு வரைக்கும் போகவில்லை.

செசிலி வாயைத் திறந்தாள். பெரியவர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டத்தில் பார்க்கும்போது அவர் போட்டோவில் இருந்ததைவிட மிகவும் கிழவராக இருந்தார். கை நடுங்கியது, காதோரம் சவரம் சரியாகச் செய்யாமல் நரைமுடி விட்டுப்போயிருந்தது. நல்ல வார்த்தை ஒன்று வரப்போகிறது என்ற சிரிப்பை முன்கூட்டியே சிரித்துக்கொண்டிருந்தார். பத்து வருஷமாகக் கட்டிலோரத்தில் நின்று, "ஒண்ணுமில்ல தாத்தா, எல்லாம் சரியாயிரும்," என்று சொல்லிப் பழகிய வாய் அவளுடையது. அந்த வாய் அவளைக் கேட்காமலே பேசியது. உங்களைப் பிரிவதில் இந்தக் கடற்கரைக்கு மிகுந்த வருத்தம், நீங்கள் வந்ததை ஒருநாளும் மறக்கமாட்டோம், எங்களுக்குத் தனியாகப் போகிற எண்ணமில்லை, எப்போதும்போல எல்லோரோடும் சேர்ந்தே இருக்க ஆசைப்படுகிறோம். இப்படி இந்தியில் சொன்னாள். அதிகாரிக்கு இரண்டு மொழியும் தெரியும். அவர் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த மாதமே மாற்றலாகிப் போய்விட்டார். பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அல்போன்ஸைக் கட்டிப்பிடித்தார். தன் வாக்கியத்துக்குக் கிடைத்த பதில் இது என்று நினைத்து அல்போன்ஸ் ஆச்சரியப்பட்டார், இன்னும் ஏதோ சொல்ல வந்தார். குரல் வரவில்லை. உதடு அசைந்தது, காற்று வந்தது, அவ்வளவுதான். செசிலியின் தொண்டையில் சாளை மீன் முள் சிக்கினதுபோல ஏதோ குத்தி மெதுவாகக் கீழே இறங்கியது. வீட்டுக்குப் போய்ச் சோற்றை உருட்டி உருட்டி விழுங்கிப் பார்த்தாள். இறங்கினது நெஞ்சில் வந்து நின்றது, அதற்குக் கீழே போகவில்லை.

சாயங்காலச் செய்தியில் இந்தியையும் அதன் தமிழையும் போட்டார்கள். அல்போன்ஸ் சொன்னது அதுதான் என்று ஊர் நம்பியது. பெரியவர் பதவியை விட்டு இறங்கின அன்று பேசின கடைசிப் பேச்சில், தென்கோடியில் ஒரு மீனவர் என்னிடம் சொன்ன சொல் இந்த நாட்டின் ஒற்றுமைக்குப் போதும் என்றார். குழு கலைந்தது, கோரிக்கை மூடப்பட்டது. அன்று கணவாயில் காற்று பிய்த்துக்கொண்டு போனது, ஆனால் காற்றாலைகள் பொழுது சாயும்வரை சுற்றவில்லை. என்ஜினியர்கள் வந்து பார்த்துவிட்டு, பழுதில்லை, நாளைக்குச் சுற்றும் என்றார்கள். மறுநாள் சுற்றின.

அல்போன்ஸின் குரல் போனதை வெட்கம் என்று ஊர் எடுத்துக்கொண்டது. பொன்னுலிங்கம் கார் பிடித்து வந்து குருசடி முன்னால் நின்று, "என்னத்த வாங்கிட்டுடே வித்த?" என்று கத்திவிட்டுப் போனார். தனி மாநிலம் வேண்டாம் என்று நினைத்தவர்களும் அவரோடு சேர்ந்து கோபப்பட்டார்கள். பெரியவர் வந்ததை மறக்கமாட்டோம் என்று ஒரு சவேரியார்துறைக்காரன் சொல்வதா? பிரிஜித்தாவின் அண்ணன் பேச்சை நிறுத்தினான். வள்ளத்தைக் கடலில் இறக்க நான்குபக்கமும் தோள் வேண்டும். யாரும் இன்னாருக்குத் தோள் கொடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை, விடியற்காலையில் அவரவருக்கு அவரவர் வேலை இருந்தது. அல்போன்ஸ் தனியாக வள்ளத்தின் முனையில் தோளை வைத்து நிற்பதை எல்லோரும் பார்த்தார்கள். வள்ளத்துப் பலகை மணலில் இருந்தபடியே வெயிலில் வெடித்தது. அடுத்த வருஷம் குளச்சல்காரர் ஒருவருக்கு அதை விற்றார். பூசைக்குப் போனால் அவர் இருந்த பெஞ்சில் மற்றவர்கள் உட்காராததால் பூசைக்குப் போவதையும் விட்டார். லிஜாவைப் பெண் கேட்டு முட்டத்திலிருந்து வந்தவர்கள் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஆன்ட்ரூஸ் ஷார்ஜாவில் இந்தி தெரிந்த கூட்டாளிகளோடு அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு, "அப்பா, நெசமாட்டு நீங்க அப்படியா சொன்னிய?" என்று போனில் கேட்டான். ரிசீவரில் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. அதையே பதிலாக எடுத்துக்கொண்டு அவன் போன் செய்வதைக் குறைத்தான்.

செசிலிக்கு ஊர் சுகாதார நிலையத்தில் நிரந்தர வேலை கிடைத்தது. யாரும் கூலி என்று சொல்லவில்லை. உத்தரவு வந்தது, அவள் சேர்ந்தாள். சேர்ந்த அன்றிலிருந்து இருமல்.

டாக்டர் குமாரதாஸ் அருமனைக்காரர், கமிட்டிக்கூட்டங்களுக்குப் போனவர். செசிலியின் நெஞ்சில் கேட்டது என்னவென்று அவருக்கு முதல்தடவையே விளங்கிவிட்டது. "நோயாளிக்க ரகசியத்த நான் வெளிய சொல்லப்படாது. அது எனக்க தொழில்," என்று அவளிடம் சொன்னார். "ஆனா இது நோயில்ல சிஸ்டர். நீங்க சொல்லணும்." சொல்கிறேன் என்றாள் செசிலி. நாளைக்கு, பெருநாள் முடிந்து, நோன்பு முடிந்து என்று அது தள்ளிப்போனது. டாக்டர் பிறகு கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததற்கு அவரும் தன் மனதுக்குள் ஏதேதோ காரணம் வைத்திருந்தார்.

சர்க்கரை வியாதியில் அல்போன்ஸின் வலது காலில் புண் வந்தது. கட்டுமாற்ற சுகாதார நிலையத்துக்குத்தான் வரவேண்டும், அங்கே செசிலிதான் இருந்தாள். அவர் பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டுவார். அவள் தரையில் உட்கார்ந்து பழைய கட்டைப் பிரித்து, கழுவி, மருந்து வைத்து, புதுக்கட்டு போடுவாள். குனியும்போது நெஞ்சுக்குள் குரல் பலமாகும். நீரு போறதுல எங்களுக்குச் சங்கடமில்ல. அவருக்கு அது கேட்டுவிடுமோ என்று அவள் மூச்சை அடக்குவாள், அடக்கினால் இருமல் வரும். டாக்டர் ஏதாவது சாக்கு வைத்து அறையைவிட்டு வெளியே போய்விடுவார். தான் என்ன சொன்னோம் என்பது அல்போன்ஸுக்குத் தெரியும். நடுவில் நின்றவள் ஒருத்திதான் என்பதும் தெரியும். இருந்தும் கையால்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. கட்டுப்போட்டு முடித்ததும் எழுந்து, எல்லோருக்கும் செய்வதுபோலத் தலையை அசைத்துவிட்டு நொண்டிக்கொண்டு போவார். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன் என்று பிற்பாடு செசிலி சொன்னாள். அந்தத் தலையாட்டலைத் தாங்க முடியவில்லை. டாக்டர் இல்லாத நேரத்தில் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துத் தன் நெஞ்சிலேயே வைத்துக் கேட்பாள். கொஞ்சநாளில் அதுகூட வேண்டியதில்லாமல் போனது. குழலில்லாமலே அவளுக்கு எலும்புவழியாகக் கேட்டது. வெளியாட்களுக்குத்தான் குழல் வேண்டும்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில், டெல்லியில் அவளோடு ஒரே ஹாஸ்டலில் இருந்த ஷீஜா போன் செய்தாள். நெய்யாற்றின்கரைக்காரி. ஒரு வீட்டில் வயசாளியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, பேச்சுவாக்கில் யார் அந்த வயசாளி என்றும் சொன்னாள். செசிலி லீவு போட்டு டெல்லிக்கு ரயில் ஏறினாள். உரியவரிடம் சேர்த்துவிட்டால் பாரம் இறங்கும் என்று அவளுக்கு ஓர் எண்ணம். பெரியவரின் வீட்டு வாசலில் ஒரு காவல்காரர் மட்டும் இருந்தார், அவரும் பெயர் கேட்கவில்லை. பெரியவர் குளிர்கால வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். மறுநாள் அவர் இறந்துபோனாலும் எந்த ஊர் சந்தையிலும் அரைமணி நேரத்துக்குமேல் பேசமாட்டார்கள் என்பது பார்த்தாலே தெரிந்தது. ஷீஜா ஸ்டெதாஸ்கோப்பை அவர் காதில் மாட்டிவிட்டாள். அவர் வெகுநேரம் கேட்டார். "இந்தக் குரலை எனக்குத் தெரியும்," என்றார் இந்தியில். "என்ன சொல்கிறார்?" செசிலி இந்தத்தடவை ஒரு சொல்லைக் கூட்டாமல் ஒரு சொல்லைக் குறைக்காமல் சொன்னாள்.

பெரியவர் ஆரஞ்சுச் சுளையைக் கையில் வைத்துக்கொண்டு, "அன்றைக்கே தெரியும்," என்றார். "அது விடைகொடுக்கிறவர் முகமாக இல்லை."

"அப்படியானால் ஏன் என்னைத் திரும்பக் கேட்கவில்லை?"

"கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாய்."

அவர் செசிலிக்கு ஆரஞ்சு ஒன்றைக் கொடுத்தார். அவள் அதைத் தின்னாமல் ரயிலில் விட்டுவிட்டாள். பாரம் இறங்கவில்லை. மத்தியப்பிரதேசத்தில் முணுமுணுப்பாக இருந்த குரல், கணவாய் தாண்டினதும் தெளிந்தது. வடசேரி பஸ் ஸ்டாண்டில் சவேரியார்துறை பஸ்ஸுக்கு நின்றபோது, பக்கத்தில் நின்ற பெண் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கேட்டது. கொண்டுபோய்ச் சேர்த்த இடம் தப்பு என்று அவளுக்கு அங்கேதான் உறைத்தது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச்சாமியாரிடம் கேட்டு மைக்கை வாங்கினாள். கையைக் கட்டிக்கொண்டு, நடந்ததை நடந்தபடி சொன்னாள். அல்போன்ஸ் சொன்னதைச் சொன்னாள், தான் மாற்றிச் சொன்னதைச் சொன்னாள், டெல்லிக்குப் போனதைச் சொன்னாள். கோயில் முற்றத்தில் நின்ற மீன் விற்கிற ராஜமணிதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஏட்டி பாவி, அந்த மனுசனுக்கு நான் இம்புட்டு நாளா முகம் குடுக்கலியே. அதுக்கு நான் யாருட்ட போய்ச் சொல்ல?" பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சிலர் செசிலியை அடிக்க வந்தார்கள். சிலர் எங்களுக்கு அப்போதே சந்தேகம் இருந்தது என்றார்கள். அப்போதே சந்தேகம் இருந்தவர்களின் தொகை சாயங்காலத்துக்குள் ஊரின் ஜனத்தொகையைத் தாண்டியது. டாக்டர் குமாரதாஸ் யாரும் கூப்பிடாமலே பைக்கில் வந்து ஸ்டெதாஸ்கோப்பைக் கொடுத்தார். கேட்க விரும்பியவர்கள் வரிசையில் நின்று கேட்டார்கள். கேட்டவர்கள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, வந்த வழியே போகாமல் கடற்கரைப் பக்கமாகப் போனார்கள்.

மறுநாள் விடியற்காலை ஊரின் ஆண்கள் ஏறக்குறைய எல்லோரும், பிரிஜித்தாவின் அண்ணன் உட்பட, அல்போன்ஸின் வீட்டு முன்னால் வந்து நின்றார்கள். தோள் கொடுக்கத்தான் வந்தார்கள். தள்ளுவதற்கு வள்ளம் இல்லை என்பது வந்து நின்ற பிறகுதான் நினைவுக்கு வந்தது. திரும்பிப் போகவும் தெரியவில்லை, நிற்கவும் தெரியவில்லை. வெயில் வரும்வரை அப்படியே நின்றார்கள்.

அந்தக் கூட்டத்தின் நடுவில்தான் செசிலி வந்தாள். அல்போன்ஸ் வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் லிஜா. செசிலி மண்டியிட்டு ஸ்டெதாஸ்கோப்பின் ஒரு முனையைத் தன் நெஞ்சில் வைத்து, மறுமுனையை அவர் காதில் மாட்டினாள். அவர் கேட்டார். கேட்கக் கேட்க அவர் உதடு அசைந்தது, உள்ளே கேட்ட சொல்லுக்கும் உதட்டுக்கும் பிசகில்லை. பிறகு கழற்றி மகளின் காதில் வைத்தார். மூன்று வருஷமாகக் கேட்காத குரலைக் கேட்டு லிஜா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போது செசிலியின் நெஞ்சில் அந்தப் பழைய பேச்சு நின்றது. ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை. போய்விட்டது என்று அவள் நினைத்தாள். போகவில்லை. குரல் புதிதாகப் பேச ஆரம்பித்தது. அல்போன்ஸின் உதடு வாசலில் அசைந்தது, சொல் செசிலியின் உள்ளே கேட்டது.

லிஜா திடுக்கிட்டு, "அக்கா, அப்பா உங்களத்தான் ஏசுகாரு," என்றாள். எல்லோரும் செசிலியைப் பார்த்தார்கள். அவள் எழுந்து நின்று, கூட்டத்துக்குக் கேட்கும்படி, சொல்லுக்குச் சொல் சொன்னாள்: "ஏட்டி செசிலி, எனக்க வாயில மண்ணள்ளிப் போட்டவளே, இந்தக் காலை இம்புட்டு நாளு கெட்டினியே, ஒரு நாளாவது வாயத் தொறந்தியா? ஒனக்க கைய வெட்டணும்னு எனக்கு இல்ல, நாக்க வெட்டணும்." தன்னைத் தானே ஏசுகிற பேச்சுதான். ஆனால் ஒன்றையும் விடவில்லை. அடுத்தது மைத்துனன், அடுத்தது பொன்னுலிங்கம், அடுத்தது பங்குச்சாமியார், அதற்கடுத்து வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி. அல்போன்ஸுக்கு அடைத்து வைத்த பேச்சு நிறைய இருந்தது. வசவு முடிய மத்தியானம் ஆனது. அதுவரை யாரும் போகவில்லை. பெயர் வராமல் போய்விடுமோ என்று சிலருக்குப் பயமாகக்கூட இருந்தது.

குரல் அல்போன்ஸுக்குத் திரும்பவில்லை. தங்கிவிட்ட இடத்திலேயே இருந்துகொண்டது. ஊர் அதற்குப் பழகியது. ஆன்ட்ரூஸ் ஷார்ஜாவிலிருந்து கூப்பிட்டால் செசிலியின் போனுக்குத்தான் கூப்பிட்டான், அப்பாவும் மகனும் அவள் வழியாகச் சண்டை போட்டுச் சமாதானமானார்கள். பொன்னுலிங்கம் ஒரு வாழைக்குலையோடு வந்து, குரலை லவுட் ஸ்பீக்கரில் போட்டு இயக்கத்தை மறுபடி எழுப்பலாம் என்றார். அல்போன்ஸ் சொன்னதைச் செசிலி சொன்னாள்: "குலைய வச்சிட்டுப் போவும்." பொன்னுலிங்கம் வடசேரியில் ஒரு கூட்டம் போட்டுப் பார்த்தார். அந்த நேரத்தில் ரப்பர் விலை நன்றாக இருந்ததால் அருமனைக்காரர்கள் வரவில்லை. நாற்காலியில் புதிய ஆள் இருந்தார், பழைய கேள்வியை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. கூட்டத்துக்கு வந்தவர்கள் மேடையில் இருந்தவர்களைவிடக் குறைவு. தனி மாநிலம் வேண்டுமா வேண்டாமா என்று அல்போன்ஸ் உண்மையில் என்ன நினைத்தார் என்று அதற்குப் பிறகும் சிலர் கேட்டார்கள். அன்றைக்குச் சொன்னதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை என்று அவர் சொன்னதாகச் செசிலி சொன்னாள். லிஜாவுக்கு இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் கல்யாணம். மாப்பிள்ளை மணக்குடிக்காரர். அப்பாவின் ஆசீர்வாதம் செசிலியின் வாயிலிருந்து வந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு அவர்களும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார்கள். செசிலிக்குத் தன் பேச்சு குறைந்துபோனது. பகலில் பாதிநேரம் அவள் இன்னொருவருடைய வாய். அதைப் பற்றி அவள் குறைசொல்லி யாரும் கேட்டதில்லை.

இரண்டாயிரத்துப் பதினைந்து ஆனியில், கடல் கொந்தளித்துக் கிடந்த நாட்களில், அல்போன்ஸ் இறந்தார். அடக்கத்தின்போது செசிலியைப் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். குரல் பேசவில்லை. அவளுடைய கடமை முடிந்தது என்று சாமியார் சொன்னார், பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் சாயா குடித்துக்கொண்டிருக்கும்போது, செசிலி கிளாஸை வைத்துவிட்டு, "சீனி கூடுதலுன்னு சொல்லுகாரு," என்றாள். யாரும் கிளாஸைக் கீழே போடவில்லை. கோயில் உபதேசியார் சீனி குறைத்து இன்னொரு சாயா போடச் சொன்னார்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் லிஜா மணக்குடியிலிருந்து குழந்தையோடு வந்து செசிலியின் வீட்டில் இருந்துவிட்டுப் போவாள். மருமகன் வாங்கப்போகிற வள்ளம், குழந்தையின் காய்ச்சல், ஆன்ட்ரூஸ் எப்போது வருவான் என்று அப்பாவும் மகளும் பேசுவார்கள். முதலில் ஸ்டெதாஸ்கோப் கொண்டுவந்துகொண்டிருந்தாள். பிறகு குழந்தை அதன் குழலைக் கடித்துவைத்ததால் கொண்டுவருவதில்லை. செசிலி சொல்வதையே அப்பாவின் பேச்சாக எடுத்துக்கொண்டாள்.

இரண்டாயிரத்துப் பதினேழில் ஒரு ஞாயிறு, செசிலி அடுப்பில் மீன் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தபோது, லிஜா வாசலில் உட்கார்ந்து குழந்தைக்குத் தலை சீவிக்கொண்டே கேட்டாள்: "அப்பா, நான் ஒண்ணு கேக்கட்டா. செசிலி அக்காவ நீங்க பொறுத்துட்டியளா?"

செசிலியின் கை அகப்பையில் நின்றது. உள்ளே பதில் வந்தது. கேட்டவள் அவள் ஒருத்திதான். கிட்டத்தில் குழல் இல்லை, வேறு சாட்சி இல்லை. லிஜா முகத்தைத் திருப்பிச் சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள், நல்ல வார்த்தை வரும் என்ற சிரிப்பு.

"இல்லியாம்," என்றாள் செசிலி. "இன்னும் இல்லன்னு சொல்லுகாரு."

லிஜா சீப்பில் சிக்கின முடியை எடுத்துப் போட்டாள். பிறகு, "சரி, நெதானமாட்டு சொல்லட்டும்," என்று சொல்லிவிட்டு, குழந்தையின் முடியை இரண்டாகப் பிரித்துப் பின்ன ஆரம்பித்தாள். செசிலி குழம்பை இறக்கி வைத்தாள்.